கட்டுப் போட்ட காலும் தப்பாக வாங்கிய கேம்களும்

2023 மார்ச் மாதம் வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே ஓடி வந்து, வண்டியோடு விழுந்தேன். வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்து, மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன் நான். நாள் முழுக்க நின்றும் நடந்தும் பழகிய உடம்பு. காலையில் மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். பத்து நாளில் போனைப் பார்க்கவே வெறுத்துப் போய்விட்டது.

அப்போதுதான் டிவியில் மாட்டி கேம் ஆடும் சோனி கன்சோலான பிளேஸ்டேஷனை வாங்கும் யோசனை வந்தது. கல்லூரிக் காலத்தில் தோட்டப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டமாக உட்கார்ந்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடியவன் நான். துப்பாக்கி கேம் என்றால் கை தானாக நிமிரும். ஏலச்சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பிளேஸ்டேஷன் 5 அப்போது டிஸ்க் போடும் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் பிடிக்கலாம் என்று டிஜிட்டலைத்தான் முதலில் பார்த்தேன். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் என் மச்சான்தான் தடுத்தான். "மாமா, டிஸ்க் இருந்தா ஆடி முடிச்சிட்டு வித்துடலாம், பழசும் வாங்கலாம்" என்றான். இந்தக் கதையில் நான் உருப்படியாகக் கேட்ட முதல் பேச்சு அது. அடுத்த இரண்டு மாதம் வேறு யார் பேச்சையும் கேட்கவில்லை. சம்பளமில்லாத லீவு ஓடிக்கொண்டிருக்கும்போது இவ்வளவு பெரிய செலவா என்ற குற்ற உணர்ச்சி உள்ளே அரித்ததால், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு ராத்திரி வலியில் தூக்கம் வராத நேரங்களில் நானே 'டாப் 10' பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

முதலில் வாங்கியது கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2. 2022-இல் வந்தது, விலை 4,999 ரூபாய். கால் இந்த நிலையில் கடைக்குப் போக முடியாது என்று டிஜிட்டலாகவே வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அது நூறு ஜி.பி.க்கு மேல் என்று தெரிந்தது. எங்கள் வீட்டு இணைப்பு நொடிக்கு 40 மெகாபிட். கணக்குப்படி நூறு ஜி.பி. இறங்க ஆறு மணி நேரம் போதும். ஆனால் ரவுட்டர் வாசல் அறையில், நான் படுத்திருந்தது பின் அறையில், நடுவே இரண்டு சுவர். இரண்டு ராத்திரி ஓடியது. அப்புறம் ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும் என்றது திரை. மாதம் 499 ரூபாய், அதையும் கட்டினேன். உள்ளே போனால், நான் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் செத்துக்கொண்டே இருந்தேன். ஹெட்செட்டில் மீசை முளைக்காத குரல்கள் சிரித்தன. பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரன் சுட்டால் அவன் முதுகில் ஒரு அறை விடலாம். இங்கே யாரை அறைவது? கதைப் பகுதி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிட்டது. ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து நான் உண்மையில் வாங்கியது அந்தச் சில மணி நேரத்தைத்தான்.

ஷூட்டர், அதாவது துப்பாக்கி கேம், பிடிக்கும் என்று சொல்பவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான்கு பேரோடு ஆன்லைனில் ஆடப் போகிறீர்களா, தனியாகக் கதையை ஓட்டப் போகிறீர்களா? ஆன்லைன் என்றால், காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான கேம்களுக்கு அந்தச் சந்தா தனிச் செலவு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் மாதிரி இலவசமாகவே கொடுக்கும் ஷூட்டர்களுக்குச் சந்தா வேண்டாம். கை பழகவும், உங்கள் வீட்டு இணைப்பு தாங்குமா என்று பார்க்கவும் முதலில் அதை இறக்கி ஆடிப் பாருங்கள், ஒரு ரூபாய் செலவில்லை. அப்புறம் ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். எனக்கு நானூறு ரூபாய் ஆனது. அதை முதல் நாளே செய்திருந்தால் பாதிச் சாவு குறைந்திருக்கும்.

தனியாக ஆடுகிறவர் என்றால் எனக்கு டைட்டன்ஃபால் 2-ஐ யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2016-இல் வந்த பழைய கேம். கதை ஆறேழு மணி நேரம்தான், தள்ளுபடி வரும்போது ஆயிரத்துக்குள் கிடைக்கும். அதில் ஒரு கட்டம் வரும். இடிந்து பாழான ஓர் ஆராய்ச்சிக் கூடம். கையில் ஒரு கருவி. பொத்தானை அமுக்கினால் அதே இடம் இடிவதற்கு முந்தைய காலத்துக்கு மாறும், மறுபடி அமுக்கினால் பாழான காலம். இந்தக் காலத்தில் எதிரே தீ எரிகிறது, அந்தக் காலத்தில் அது வெறும் நடை. அந்தக் காலத்தில் எதிரே சிப்பாய்கள், இந்தக் காலத்தில் அதே இடத்தில் மிருகங்கள். சுவரில் ஓடிக்கொண்டே பாதி வழியில் காலத்தை மாற்றி அடுத்த சுவரைப் பிடிக்க வேண்டும். அதை ஆடி முடித்தபோது கட்டுப் போட்ட கால் ஞாபகமே எனக்கு இல்லை. கதை வேண்டாம், ஓட்டமும் அடியும் போதும் என்றால் 2016-இல் வந்த டூம். கொஞ்சம் நிதானம், இருட்டு, தோட்டாவை எண்ணிச் சுடுவது பிடிக்கும் என்றால் மெட்ரோ எக்ஸடஸ்.

இரண்டாவது தவறு எல்டன் ரிங். எல்லாப் பட்டியலிலும் அதுதான் மேலே இருந்தது. 2022-இன் சிறந்த கேம் என்று விருதெல்லாம் வாங்கியது. மறுபடியும் டிஜிட்டல், ஏறத்தாழ 4,000 ரூபாய். குகையிலிருந்து வெளியே வந்ததும் தங்கக் கவசம் போட்ட ஒருவன் குதிரையில் உலாத்திக்கொண்டிருந்தான். முதலில் கண்ணில் பட்டவன் முதல் எதிரி என்று நான் போய் மோதினேன். ஒரே அடி. மறுபடி போனேன். மூன்று நாள், சாமி சத்தியமாக மூன்று நாள், அவன் ஒருவனிடமே அடி வாங்கினேன். சனிக்கிழமை மச்சான் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா மாமா, அவன்கிட்ட போயி மோதிக்கினு இருக்கீங்க? அவனைச் சுத்திக்கினு போவணும். நீங்க வளர்ந்துட்டு அப்புறமா வந்து அடிக்கலாம்."

அந்த கேமில் கடினத்தைக் குறைக்கும் அமைப்பு கிடையாது. அதைவிட முக்கியம், ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கும் வழக்கமான 'பாஸ்' பொத்தான் கிடையாது. இது எந்தப் பட்டியலிலும் என் கண்ணில் படவில்லை. கேஸ் சிலிண்டர்காரர் மணி அடிப்பார். ஊன்றுகோலைத் தேடி எழுந்து நான் வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் என் ஆள் பிணமாகக் கிடப்பான். ஒரு நாள் சிலிண்டர்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அன்று சாயங்காலம் ரொம்ப வெட்கமாக இருந்தது. எல்டன் ரிங் மேல் எனக்குக் கோபமில்லை. மச்சான் அதில் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடி, அதைக் கோயில் மாதிரி வைத்திருக்கிறான். என் வீட்டுக்கும் என் நேரத்துக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றி ஒன்று. இரண்டையும் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். பிளேஸ்டேஷனின் ஆன்லைன் கடையில் வாங்கி 14 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம், ஆனால் டவுன்லோட் தொடங்காமல் இருக்க வேண்டும். நான் வாங்கிய நிமிடமே டவுன்லோடை அமுக்கியவன். விதி முன்னாலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. டிஜிட்டலாக வாங்கியதை விற்கவும் முடியாது. எனவே சந்தேகம் இருந்தால் வாங்கிய கையோடு இறக்காதீர்கள், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து இன்னும் நாலு பேர் ஆடுவதை வீடியோவில் பாருங்கள். விளம்பர வீடியோ வேண்டாம். பேச்சு எதுவும் இல்லாமல் முதல் ஒரு மணி நேரத்தை அப்படியே ஆடிக் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன, அவைதான் உண்மை பேசும்.

ஆர்.பி.ஜி., அதாவது ஒரு கதாபாத்திரத்தை எடுத்துப் படிப்படியாக வளர்த்து ஆடும் 'ரோல் பிளேயிங் கேம்', என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சாப்பாடு இருக்கிறது என்பதை மச்சான்தான் எனக்கு உட்கார வைத்துப் புரிய வைத்தான். எல்டன் ரிங் மாதிரி செத்துச் செத்துக் கற்றுக்கொள்வது ஒரு வகை. தி விட்சர் 3 மாதிரி கதைக்காக ஊர் ஊராகச் சுற்றி வாளை வீசுவது ஒரு வகை. பெர்சோனா 5 ராயல், பால்டர்ஸ் கேட் 3 மாதிரி ஆடுபுலி ஆட்டம் போல உன் முறை, என் முறை என்று நிதானமாக யோசித்து ஆடுவது இன்னொரு வகை. இந்த முறைவைத்து ஆடும் வகையில் எதிராளி உங்களுக்காகக் காத்திருப்பான். குழந்தை அழுதால் எழுந்து போய் வரலாம். வீட்டில் சின்னப் பிள்ளையோ வயதானவர்களோ இருக்கிறவர்களுக்கு நான் இந்த வகையைத்தான் முதலில் சொல்வேன். ஒன்று மட்டும், ஆர்.பி.ஜி. என்றால் வாசிக்க வேண்டும். தமிழ் கிடையாது. ஆங்கில வசனம் பக்கம் பக்கமாக ஓடும். எழுத்து பொடிசாக இருக்கும். மெனுவில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எனக்கு நாற்பதை நெருங்கும் கண், சுருங்கச் சொன்னால் கண்ணாடி மாற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாவது தவறுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஷூட்டர் பைத்தியம் நான், ஆர்.பி.ஜி. பைத்தியம் மச்சான், இருவரும் ஒரே டிவியில் சேர்ந்து ஆட என்ன இருக்கிறது என்று தேடியபோது பார்டர்லேண்ட்ஸ் 3 கிடைத்தது. 2019-இல் வந்தது. துப்பாக்கிதான், ஆனால் ஆள் வளர்வான், திறமையைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொரு பெட்டியிலும் புதுப் புதுத் துப்பாக்கி கொட்டும். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடலாம், சந்தா வேண்டாம். இந்தத் தடவை புத்திசாலித்தனமாகப் பழைய டிஸ்க்தான் வாங்குவது என்று விளம்பரம் பார்த்து, மச்சானைப் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி, 900 ரூபாய்க்கு வாங்கினோம். டிஸ்க் நன்றாக ஓடியது. பிடித்துப் போய், கூடுதல் கதைகள் அடங்கிய சீசன் பாஸைத் தள்ளுபடியில் 1,300 ரூபாய்க்கு வாங்கினேன். இறங்கியது. ஆனால் கேமுக்குள் வரவே இல்லை. ஒரு வாரம் அழித்து, மறுபடி இறக்கி, அமைப்புகளைக் குடைந்து பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. எங்கள் டிஸ்க் அமெரிக்க அச்சு. என் கணக்கு இந்தியக் கணக்கு. டிஸ்க் எந்த ஊருடையதானாலும் ஓடும், ஆனால் அதற்கான கூடுதல் பகுதி அதே வட்டாரக் கடையில் வாங்கியதாக இருந்தால்தான் ஒட்டும்.

அடையாளம் ரொம்பச் சுலபம். பெட்டி முன்பக்கம் கீழ்மூலையைப் பாருங்கள். 18, 16 என்று எண் போட்டிருந்தால் ஐரோப்பிய வட்டாரம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் 'எம்' (M) அல்லது 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் அமெரிக்க அச்சு. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வந்ததைக் கைமாற்றும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு விஷயம். 'முழுத் தொகுப்பு' என்று எழுதிய பழைய பெட்டிகள் சிலவற்றில் கூடுதல் பகுதி ஒரு சீட்டில் எண்ணாக இருக்கும். முதல் ஆள் அதைப் போட்டுவிட்டால் உங்களுக்கு வெறும் காகிதம்தான். அப்புறம் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் 5-இல் ஓடும், 5-இன் டிஸ்க் 4-இல் ஓடாது. அவசரத்தில் பெட்டி நிறத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

ஆக மூன்று தவறுக்கு ஏறத்தாழ 10,800 ரூபாய். மனைவியிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. சீட்டுக் கணக்கு நோட்டை அவள் பார்த்துத் தெரிந்துகொண்டாள். திட்டவில்லை. "ஏங்க, கேக்க வாய் இல்லையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அது திட்டைவிட மோசம்.

நடுவில் வெயில் வந்துவிட்டது. வேலூர் மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது டிகிரியைத் தாண்டும்போது கன்சோலை ஷோகேஸ் கண்ணாடிக்குள் வைத்தால் அது ஏரோபிளேன் மாதிரி இரைகிறது. வெளியே எடுத்து, நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு வைத்தேன், அடங்கியது. கரண்ட் போவது அடுத்த தொல்லை. கேம் ஓடும்போது சட்டென்று அணைந்தால், மறுபடி போடும்போது சரியாக அணைக்கவில்லை என்று கண்டித்துவிட்டு, சேமிப்பைச் சரிபார்க்க ஆரம்பிக்கும். ஒரு நாள் இரண்டு மணி நேர ஆட்டம் அப்படியே போனது. எனவே நம் ஊருக்கு, நினைத்த இடத்தில் சேமிக்க விடும் கேம் எது என்பதும் ஒரு தகுதிதான். ஃபால்அவுட் 4, தி விட்சர் 3 இரண்டிலும் அது உண்டு. கன்சோலையும் ரவுட்டரையும் சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டினால் சேமித்து அணைக்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும். இன்னொன்று, கண்ணிலிருந்தே பார்ப்பது மாதிரி ஆடும் ஷூட்டர்களில் சிலருக்குத் தலை சுற்றும். மச்சானுக்குச் சுற்றியது. விளக்கைப் போட்டு, டிவியிலிருந்து தள்ளி உட்கார்ந்து, அசையும்போது படத்தை மங்கலாக்கும் 'மோஷன் பிளர்' என்பதை அணைத்து, பார்வை அகலத்தைக் கூட்டினோம். பாதி குறைந்தது.

கடைசியில் எங்கள் இருவருக்கும் சரியாக வந்து உட்கார்ந்தது மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன். 2007, 2010, 2012-இல் வந்த மூன்று கேம்களை மெருகேற்றி 2021-இல் ஒரே பெட்டியாக வெளியிட்டார்கள். கூடுதல் கதைகள் ஏறக்குறைய எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, என் அமெரிக்க டிஸ்க் சங்கடம் இங்கே இல்லை. துப்பாக்கிச் சண்டை உண்டு, ஆனால் நடுவில் நிறுத்தி, கூட வரும் இருவருக்கும் யாரை அடிப்பது என்று ஆணை கொடுக்கலாம். பேச்சு வரும் இடத்தில் என்ன பதில் சொல்வது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் கேமில் எடுத்த முடிவு மூன்றாவதில் வந்து நிற்கும். நான் சுடுவேன், பேச்சு வந்தால் கன்ட்ரோலரை மச்சானிடம் கொடுத்துவிடுவேன். இப்படியே வாரக்கடைசிகள் ஓடின. முதல் கேமின் வண்டி ஓட்டும் பகுதி கொஞ்சம் சலிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்காக இரண்டாவதிலிருந்து தொடங்கிவிடாதீர்கள்.

முதல் கேமில் ஒரு கட்டத்தில், கூட வந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும்தான் காப்பாற்ற முடியும் என்று வரும். நான் ஒருவரைச் சொன்னேன், மச்சான் மற்றவரைச் சொன்னான். கால் மணி நேரம் பஞ்சாயத்து. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, அதுவரை திரையைப் பார்க்காத மாதிரிதான் இருந்தாள். "டேய், அந்தப் பொண்ணு இன்னாடா தப்பு செஞ்சா? அவள எதுக்குச் சாவ விடறீங்க?" என்றாள். மச்சான் பேசாமல் அக்கா சொன்ன பொத்தானை அமுக்கினான். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் துணி மடிக்கும் நேரம் எங்கள் ஆட்ட நேரத்துக்கு மாறிவிட்டது. மகள் தூங்கிய பிறகுதான் ஆடுவோம். இந்த வகைக் கேம்கள் பலவும் பெரியவர்களுக்கானவை. விட்சரை ஹாலில் போட்டுவிட்டு ஒரு காட்சியில் நான் ரிமோட்டைத் தேடிய வேகத்தில் கால் கட்டே அவிழ்ந்திருக்கும்.

துப்பாக்கியும் ஆர்.பி.ஜி.யும் சேர்ந்த இதே கலப்பு வேண்டும் என்றால் சைபர்பங்க் 2077-ஐயும் சொல்வேன், ஆனால் பிளேஸ்டேஷன் 5 அல்லது அதற்கு நிகரான புது கன்சோலில் மட்டும். 2020 டிசம்பரில் பழைய கன்சோலில் அது வந்த கோலத்தைப் பார்த்து சோனியே தன் கடையிலிருந்து அதைச் சில மாதம் எடுத்து வைத்தது. 2022-இல் வந்த புதுப் பதிப்பு வேறு தரம். அதன் கூடுதல் கதையான ஃபேன்டம் லிபர்ட்டி பழைய கன்சோலுக்கு வரவே இல்லை. டெஸ்டினி 2 இலவசம், சுடுவது கைக்கு நன்றாக இருக்கும். ஆனால் எப்போதும் இணையம் வேண்டும், பழைய கதைப் பகுதிகள் சிலவற்றை 2020-இலேயே எடுத்துவிட்டார்கள். புதிதாக உள்ளே போகிறவனுக்கு யார் யாருக்குச் சண்டை என்றே புரியாது. இடத்தையும் கவனியுங்கள். என் மாடலில் 825 ஜி.பி. என்று எழுதியிருக்கும், கைக்கு வருவது 667 ஜி.பி.தான். பெரிய கேம் ஐந்தாறு போட்டாலே நிறைந்துவிடும். பிளேஸ்டேஷன் 4 கேம்களை வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்தே ஆடலாம், 5-க்கானவற்றை அதில் வைக்க மட்டும் முடியும், ஆட முடியாது.

ஜூலையில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். கால் இன்னும் படி இறங்கும்போது மட்டும் பேசும். இப்போது எனக்குக் கிடைப்பது ராத்திரி பத்திலிருந்து பதினொன்று வரை ஒரு மணி நேரம். அதற்குள் ஒரு கட்டம் முடியுமா என்பதைத்தான் எந்த கேமிலும் முதலில் பார்க்கிறேன். எல்டன் ரிங்கை அழித்துவிட்டு இடம் பண்ணலாம் என்று போன வாரம் மச்சானிடம் சொன்னேன். ஒரு தடவை அந்தக் குதிரைக்காரனை அடித்துவிட்டு அப்புறம் அழியுங்கள் மாமா என்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவியும் மகளும் ஆரணிக்குக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். சிலிண்டர் இப்போதைக்கு வராது.